கல்லாப் பெட்டியும் கணக்கு யந்திரமும்

2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பெங்களூர் நகரத்துச் சிறு கடைகளில் ஒரு விநோதமான மாறுதல் ஏற்பட்டது. அதுகாறும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாடிக்கைக்காரரை வரவேற்ற யூ.பி.ஐ. அட்டைகள் பல கடைகளில் மறைந்து போயின. அவை இருந்த இடத்தில் ‘ரொக்கம் மட்டுமே’ என்று கையால் எழுதிய காகிதங்கள் ஒட்டப்பட்டன. ரொக்கத்தை விட்டொழிக்கும்படி வருஷக் கணக்காக ஜனங்களுக்கு உபதேசம் செய்யப்பட்டு வரும் தேசத்தில், கம்ப்யூட்டர் தொழிலுக்கே தலைநகரமென்று பெயரெடுத்த ஊரில், வியாபாரிகள் இவ்விதம் பின்வாங்க நேர்ந்ததேன் என்பது ஆலோசிக்கத் தக்க விஷயம்.

நடந்தது இதுதான். கர்நாடக சர்க்காரின் வணிக வரி இலாகா, 2021-22 முதல் 2024-25 வரையில் யூ.பி.ஐ. மார்க்கமாகச் சிறு வியாபாரிகளுக்கு வந்து சேர்ந்த தொகைகளின் விவரத்தைப் பணப் பட்டுவாடா செய்யும் கம்பெனிகளிடமிருந்து பெற்றுப் பரிசீலித்தது. வருஷத்தில் ரூ. 40 லக்ஷத்துக்கு மேல் வரவு கண்டும் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்துகொள்ளாத ஆயிரக்கணக்கான கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போயிற்று. காய்கறி விற்கும் ஒருவருக்குக் கிடைத்த நோட்டீஸில் ரூ. 29 லக்ஷம் வரி கண்டிருந்தது. காய்கறிக்கோ வரியே கிடையாது! கூக்குரல் கிளம்பிய பின், அது முடிவான உத்தரவன்று, விளக்கம் கேட்கும் கடிதமே என்று இலாகா சமாதானம் கூறிற்று. ஜூலை 23-ந் தேதி முதல் மந்திரி சித்தராமையா வியாபாரிகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசி, இனிமேல் பதிவு செய்துகொள்வதானால் பழைய பாக்கியை வற்புறுத்துவதில்லை என்று வாக்களித்தார். புயல் அம்மட்டில் அடங்கிற்று.

அடங்கியதே தவிர, அது எழுந்த காரணம் நீங்கவில்லை. தமிழ் நாட்டுக்கும் சட்டம் அதுவேதான், யூ.பி.ஐ. கணக்கும் அதுவேதான். ஆகவே, அண்டை வீட்டில் நடந்த சமாசாரமென்று நாம் இதை ஒதுக்கிவிட இடமில்லை.

இதில் குற்றம் யாருடையது என்று பலரும் வாதாடினர். வரி கொடுக்க வேண்டியவர் சிலர் கொடாமலிருந்தனர் என்பது வாஸ்தவமே. சரக்கின் தன்மையை விசாரியாமல் வந்த பணம் அனைத்தையும் விற்பனையென்று இலாகா கொண்டது தவறு என்பதும் வாஸ்தவமே. ஆனால் இவ்விரண்டுக்கும் அடியில் மற்றொரு விஷயம் இருக்கிறது. அந்தக் கடைக்காரர்களில் மிகப் பலருடைய வியாபாரத்துக்கு எழுத்து மூலமாக இருந்த ஒரே சாக்ஷி அவர்களுடைய கையில் இல்லை. பணப் பட்டுவாடாக் கம்பெனியின் கையில் இருந்தது. அந்தச் சாக்ஷிக்குத் தெரிந்ததெல்லாம் இன்ன தேதியில் இன்ன தொகை வந்தது என்பதுதான். பாலுக்கு வந்ததா, பிஸ்கோத்துக்கு வந்ததா, மூன்று மாதத்துப் பற்றுப் பாக்கி வசூலானதா, மகன் வெளியூரிலிருந்து வீட்டுச் செலவுக்கு அனுப்பியதா, மைத்துனர் கைமாற்றைத் திருப்பியதா என்பதை அது சொல்லாது. சொல்லக் கூடியவர் கடைக்காரர் ஒருவரே. அவரிடமோ வாய் வார்த்தையன்றி வேறில்லை.

இந்தப் பிரித்துக் காட்டும் வேலை எத்தனை முக்கியம் என்பது சட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். வரியில்லாத சரக்கு மாத்திரம் விற்பவர் எத்தனை கோடிக்கு விற்றாலும் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே கடையில் பிஸ்கோத்தும் சோப்பும் வைத்துவிட்டால், பாலையும் காய்கறியையும் சேர்த்துத்தான் ரூ. 40 லக்ஷ வரம்பு கணக்கிடப்படுகிறது. வரம்பைத் தாண்டிய பின் வரி விதிக்கப்படுவது பிஸ்கோத்துக்கும் சோப்புக்கும் மாத்திரமே. வருஷத்துக்கு ரூ. 1.5 கோடிக்கு உட்பட்ட வியாபாரி ‘காம்போஸிஷன்’ என்னும் சலுகை முறையை விரும்பினால், வரிக்குரிய விற்பனையில் நூற்றுக்கு ஒன்று கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். ஆகவே எந்த வழியில் போனாலும், இன்ன சரக்கு இவ்வளவு விற்றது என்னும் கணக்கு இருந்தால்தான் கடைக்காரர் பிழைப்பார். மொத்தத் தொகை மட்டும் தெரிந்தால் அது அவருக்கு விரோதமாகவே பேசும்.

இந்தக் கலவரத்தின் பயனாகக் கணக்கு யந்திரம் விற்போருக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. பி.ஓ.எஸ். என்றும் பில் மெஷின் என்றும் வழங்கும் சாதனங்கள் பல ரூபங்களில் கடைத்தெருவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. கைக்குள் அடங்கும் யந்திரம், மேஜைமேல் வைக்கும் கம்ப்யூட்டர், இலவசமாகக் கிடைக்கும் மொபைல் ஆப் என்று வகைகளுக்குக் குறைவில்லை. தெருக்கோடி மளிகைக் கடைக்காரர் ஒருவர் இவற்றில் எதை வாங்குவது? விலை எவ்வளவு, அச்சு எவ்வளவு வேகம், திரை எவ்வளவு பெரிது என்றே பெரும்பாலோர் விசாரிக்கிறார்கள். இவையும் கேட்க வேண்டியவையே. ஆயினும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது நமது அபிப்பிராயம். இந்த யந்திரத்தில் ஏறும் கணக்கு யாருடையது? நாளை நான் இந்தக் கம்பெனியை விட்டு விலகினால் அது என்னுடன் வருமா?

இக்கேள்வி வீண் பயத்தினால் எழுவதன்று. கல்லா யந்திரத்தின் சரித்திரத்தையே பாருங்கள். 1879-ல் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி என்பவர் தமது சிப்பந்திகள் கல்லாவில் கை வைப்பதைத் தடுக்கவே முதல் யந்திரத்தைச் செய்வித்தார். முதலாளி குமாஸ்தாவைக் கண்காணிக்கப் பிறந்த சாதனம் அது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1974-ம் வருஷம் ஜூன் 26-ந் தேதி, அதே ஒஹையோவில் டிராய் என்னும் ஊர்க் கடையொன்றில், சூயிங்கம் பொட்டலம் ஒன்றின்மேல் அச்சிட்டிருந்த பார்கோடு முதன் முதலாக யந்திரத்தால் படிக்கப்பட்டது. அன்று முதல் யந்திரம் பணத்தை மட்டுமன்றிச் சரக்கையும் அறியத் தொடங்கிற்று. 1982-ல் ஜப்பானிலுள்ள செவன்-இலெவன் கம்பெனி தன் பெயரில் நடக்கும் சிறு கடைகளில் இம்முறையைப் புகுத்திற்று. எந்தக் கடையில், எந்த மணியில், எந்தப் பண்டம் விற்கிறது என்பது தலைமைக் காரியாலயத்துக்கு உடனுக்குடன் தெரிந்தது. தெரு மூலையிலிருந்த சிறு கடை பேரங்காடிகளுக்கு ஈடு கொடுத்து நின்றதற்கு இந்த ஞானம் பெருங் காரணம். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கண்காணிப்பு எங்கே நகர்ந்துவிட்டது என்று பார்க்க வேண்டும். ரிட்டியின் யந்திரத்தில் முதலாளி குமாஸ்தாவைப் பார்த்தார். இன்றைய யந்திரத்தில் வெளியிலிருக்கும் ஒருவர் முதலாளியையே பார்க்கிறார். பார்ப்பவருக்கும் கடைக்காரருக்கும் என்றாவது தகராறு வந்தால் என்ன ஆகும்?

அதற்கு இங்கிலாந்து பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில் கேட்போர் நெஞ்சை உருக்குவது.

இங்கிலாந்தில் கிராமத்துத் தபாலாபீஸ்களில் மிகப் பல தனிப்பட்ட கடைக்காரர்களால் நடத்தப்படுகின்றன. ரொட்டியும் பத்திரிகையும் மிட்டாயும் விற்கும் சிறு கடையின் ஒரு பக்கத்தில் தபால் கவுண்டர் இருக்கும். ஸப் போஸ்ட்மாஸ்டர் என்பது அவருக்குப் பெயர். உத்தியோகஸ்தர் அல்லர், ஒப்பந்தக்காரர். 1999 முதல் இந்தக் கவுண்டர்களில் ‘ஹொரைஸன்’ என்னும் கணக்கு முறை வைக்கப்பட்டது. ஐ.ஸி.எல். என்ற கம்பெனியும் அதைத் தன்னுள் இணைத்துக்கொண்ட புஜிட்ஸுவும் அதைச் செய்து கொடுத்தன. கடைக்காரர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் தலையில் அது வைக்கப்பட்டது.

சில நாளில் விபரீதம் தொடங்கிற்று. கல்லாவில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று யந்திரம் சொல்லும். எண்ணிப் பார்த்தால் குறையும். நூறு பவுன் குறையும், ஆயிரம் பவுன் குறையும், சில இடங்களில் பதினாயிரக் கணக்கில் குறையும். குறையைக் கைப்பணம் போட்டு நிரப்ப வேண்டுமென்று ஒப்பந்தத்தைக் காட்டித் தபால் நிர்வாகம் வற்புறுத்திற்று. வீட்டை அடகு வைத்தவர் உண்டு. உறவினரிடம் கடன் வாங்கியவர் உண்டு. குறை ஏன் வந்தது என்று ஆராய வேண்டுமானால் யந்திரத்தின் உட்கணக்கைப் பார்க்க வேண்டும். அதுவோ அவர்களுக்குத் திறவாது. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களில் பலருக்கு ‘உங்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி வரவில்லை’ என்று பதில் கிடைத்தது. முடிவில் திருட்டென்றும் பொய்க் கணக்கென்றும் வழக்கு. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளெனத் தீர்ப்புப் பெற்றார்கள். சிறை சென்றவர்களில் கர்ப்பிணி ஒருவரும் உண்டு. கம்ப்யூட்டர் சரியாகவே வேலை செய்கிறதென்று நீதிஸ்தலம் அனுமானித்துக்கொள்ளலாம் என்ற சட்ட நிலைமை அந்த நாட்டில் இருந்ததால், யந்திரம் சொன்னதே வேதமாயிற்று. மனிதன் சொன்னது பொய்யாயிற்று.

வேல்ஸ் தேசத்தில் லாண்ட்ட்னோ என்னும் ஊரில் தபால் கவுண்டர் நடத்தி 2003-ல் ஒப்பந்தம் இழந்த ஆலன் பேட்ஸ் என்பவர் விடாப்பிடியாக நின்று மற்றவர்களைத் திரட்டினார். 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2019-ம் வருஷம் டிஸம்பரில் ஜஸ்டிஸ் பிரேஸர், ஹொரைஸனில் கோளாறுகள் இருந்தன, அவற்றால் கிளைக் கணக்குகளில் பொய்க் குறைகள் தோன்றக் கூடும் என்று தீர்ப்பளித்தார். அதைவிடப் பயங்கரமான மற்றொன்றும் அவ்வழக்கில் ருஜுவாயிற்று. கடைக்காரருக்குத் தெரியாமலே, தூரத்திலிருந்தபடி, புஜிட்ஸுவின் சிப்பந்திகள் அவர் கணக்கில் புகுந்து மாற்றம் செய்ய முடியும். முடியவே முடியாது என்று நிர்வாகம் பல வருஷங்கள் சாதித்து வந்த விஷயம் இது! 2021-ல் அப்பீல் கோர்ட்டு ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்துச் செய்தது. 2024-ல் பார்லிமெண்டு தனிச் சட்டமே இயற்றி மீதியுள்ள நூற்றுக் கணக்கானவர்களின் குற்றத் தீர்ப்புகளை மொத்தமாக நீக்கிற்று. ஸர் வின் வில்லியம்ஸ் தலைமையில் அமைந்த விசாரணை 2025 ஜூலையில் வெளியிட்ட முதற் பாகத்தில், பதின்மூன்று பேருக்குக் குறையாமல் இதன் காரணமாகத் தற்கொலை செய்துகொண்டிருக்கக் கூடும் என்று கண்டிருக்கிறது.

பெங்களூர்க் கடைக்காரருக்கும் இங்கிலாந்துக் கடைக்காரருக்கும் நேர்ந்தவை ஒன்றல்ல. முன்னவரிடம் யந்திரமே இல்லை. பின்னவரிடம் யந்திரம் இருந்தது. முன்னவருக்கு நேர்ந்தது கவலையும் அலைச்சலும். பின்னவருக்கோ குடும்ப நாசம். ஆனால் இருவருடைய நிலையும் ஓர் அம்சத்தில் ஒத்திருக்கிறது. அதிகாரமுள்ள ஒருவர் தம் கையிலுள்ள கணக்கைக் காட்டிக் கேள்வி கேட்டபோது, எதிரே எடுத்து வைக்கத் தம்முடையது என்று ஒரு கணக்கு இருவரிடமும் இல்லை. யந்திரம் வாங்கினால் மட்டும் இக்குறை தீர்ந்துவிடாது. தன் கணக்கைத் தானே காண முடியாத யந்திரம் வாங்கினால் குறை பெருகும் என்பதை இங்கிலாந்தின் அனுபவம் காட்டுகிறது.

இனி நம் கடைத்தெருவுக்கு வருவோம். இன்று விற்பனைக்கு வரும் சாதனங்களில் பல, கணக்கைக் கடையில் வைப்பதில்லை. கம்பெனியின் தூரத்துக் கம்ப்யூட்டரில் வைக்கின்றன. ‘கிளவுட்’ என்று அதற்கு அழகான பெயர். இதில் சௌகரியம் உண்டு. கடையில் தீப்பிடித்தாலும் யந்திரம் திருட்டுப் போனாலும் கணக்கு பிழைத்திருக்கும். ஆனால் சந்தா கட்டத் தவறினாலும், கம்பெனி கடையைக் கட்டினாலும், அது நம் கைக்கு எட்டாமற் போகும் சாதனங்களும் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஒரு வருஷத்துக் கணக்கை, அவ்வருஷத்தின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆறு வருஷம்! சென்ற வருஷம் தோன்றிய ஆப் ஒன்று ஆறு வருஷம் நிலைத்து நிற்குமென்று யார் உறுதி சொல்வது? யந்திரம் அச்சிட்டுத் தரும் ரசீதை நம்பலாமென்றால், அந்த வெப்பக் காகிதத்தில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. கல்லாவுக்குமேல் வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். நம் பாட்டனார் மையினால் எழுதிய பேரேடு இன்னும் பரணில் கிடக்கிறது. பேரன் அச்சிட்ட பில் தீபாவளிக்குள் வெள்ளைக் காகிதமாகிவிடுகிறது.

ஆகையால், வாங்குமுன் விற்பனைக்காரரை எதிரில் உட்கார வைத்து, ஒரு மாதத்துக் கணக்கை, சரக்கு வாரியாக, பில் வாரியாக, சாதாரண எக்ஸெல் பைலாக எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அந்தப் பைலை நமது ஆடிட்டரிடம் கொடுத்து, ‘இதை நீர் டாலியில் ஏற்ற முடியுமா?’ என்று கேட்க வேண்டும். எடுக்க முடியாதென்றோ, தனிக் கட்டணமென்றோ, தலைமைக் காரியாலயத்துக்கு எழுதிக் கேட்க வேண்டுமென்றோ பதில் வந்தால், யந்திரம் எத்தனை மலிவானாலும் வேண்டாம் என்பதே நமது யோசனை. நேர்ந்த பில்லை ரத்துச் செய்தால் அதன் அடையாளம் நிற்கிறதா, கம்பெனிச் சிப்பந்தி தூரத்திலிருந்து கணக்கைத் திருத்தினால் அது நமக்குத் தெரியுமா என்பதையும் எழுத்து மூலமாகவே கேட்டு வாங்க வேண்டும். ஹொரைஸன் வழக்கை அறிந்த பிறகு இதை அதிகப் பிரசங்கமென்று யாரும் சொல்லார்.

இலவசமாகக் கொடுக்கப்படும் யந்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்குச் சரக்கு விற்கும் மொத்த வியாபாரக் கம்பெனி யந்திரத்தையும் தானே கொடுக்க முன்வந்தால், கடைக்காரர் சற்று நிதானிக்க வேண்டும். எந்த அரிசி எவ்வளவு லாபத்தில் போகிறது, எந்தச் சோப்பு தேங்கிக் கிடக்கிறது, மாதக் கடைசியில் எந்தச் சரக்குக்குத் தட்டு வருகிறது என்பவை விலை பேசும்போது கடைக்காரருடைய பலம். அந்த ரகசியத்தை எதிரில் உட்கார்ந்து பேரம் பேசுகிறவருக்கே தினந்தோறும் அனுப்பி வைக்கும் யந்திரத்துக்கு இலவசம் என்று பெயர் சொல்லுவது பொருந்தாது. தீப்பெட்டி வாங்க வந்த குழந்தையிடமும் போன் நம்பரைக் கேட்கும் யந்திரங்கள் இந்த ஜாதியைச் சேர்ந்தவை என்று சந்தேகிக்கலாம்.

பணம் வாங்கும் கருவியும் கணக்கு யந்திரமும் ஒரே கம்பெனியுடையதாக இருப்பதும் நல்லதன்று. 2024-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி ரிஸர்வ் பாங்கு பேடிஎம் பேமெண்ட்ஸ் பாங்கின்மேல் தடை விதித்தது; பின்னர் நீட்டிய கெடுவின்படி மார்ச் 15-க்குப் பின் அதிலுள்ள கணக்குகளில் புதுப் பணம் சேர்க்கலாகாதென்று ஆயிற்று. அந்தப் பாங்குக் கணக்கோடு அட்டையை இணைத்திருந்த கடைக்காரர்கள் வேறு பாங்குக்கு ஓட வேண்டியதாயிற்று. அட்டையை மாற்றுவது சில நாள் வேலை. அதோடு ஐந்து வருஷக் கணக்கும் கட்டுண்டிருந்தால் என்ன செய்வது?

வேலைத் திறமையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. பேரங்காடிக்கென்று செய்த சாப்ட்வேர் தெருக்கோடிக் கடைக்குப் பொருந்துவதில்லை. இதற்கு நல்ல பரீக்ஷை 2025-ம் வருஷம் ஸெப்டம்பர் 22-ந் தேதி நடந்தது. ஜி.எஸ்.டி.யில் 12, 28 என்ற விகிதங்கள் எடுபட்டு, 5, 18 என்பவையும் சில சரக்குகளுக்கு 40-ம் நின்றன. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தடவும் எண்ணெய், பிஸ்கோத்து முதலியவை 18-லிருந்து 5-க்கு இறங்கின. நோட்டுப் புஸ்தகத்துக்கு வரியே ஒழிந்தது. சர்க்கரை சேர்த்த ஸோடா பானங்கள் 40-க்கு ஏறின. முதல் நாள் இரவு பத்து மணிக்குக் கடை மூடியவர் மறுநாள் காலை ஆறு மணிக்குள் நூற்றுக் கணக்கான சரக்குகளுக்கு விகிதம் மாற்ற வேண்டியிருந்தது. சரக்கினம் வாரியாக ஒரே தடவையில் மாற்ற வசதியுள்ள சாப்ட்வேரில் அது அரை மணி வேலை. ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டியதில் இரண்டு நாள் வேலை. மேலும், பழைய விலை அச்சிட்ட சோப்பும் புது விலை அச்சிட்ட சோப்பும் ஒரே அலமாரியில், ஒரே பார்கோடுடன் இருந்தன. யந்திரம் கோட்டைப் படித்தவுடன் ‘இதில் இரண்டு விலைச் சரக்கு இருக்கிறது, எது?’ என்று கேட்க வேண்டும். கேளாத யந்திரம் ஒன்று வாடிக்கைக்காரரை ஏமாற்றும், அல்லது கடைக்காரரை ஏமாற்றும். சரக்கின்மேல் அதிக பக்ஷ சில்லரை விலை அச்சிடும் வழக்கம் நமது நாட்டில் இருப்பதால் இது எப்போதும் உள்ள தொல்லை. வெளி நாட்டு சாப்ட்வேர் பலவற்றுக்கு இந்த விஷயமே புரிவதில்லை.

அவ்வாறே தளர் சரக்கு. புளி, மிளகாய், துவரம் பருப்பு, கருப்பட்டி ஆகியவற்றுக்குப் பார்கோடு ஏது? தராசிலிருந்து எடையை நேரே யந்திரம் வாங்கிக்கொண்டால் கூட்ட நேரத்தில் தவறு குறையும். அந்தத் தராசு வருஷந்தோறும் முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும் என்பதையும் விற்பனைக்காரர்கள் ஞாபகப்படுத்துவதில்லை. பற்றுக் கணக்கு அதைவிட முக்கியம். மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கு மாதம் முழுதும் சாமான் கொடுத்து முதல் தேதியில் வசூலிப்பது நமது மளிகைக் கடைகளின் ஜீவ நாடி. விற்ற நாளில் விற்பனையாகவும், பணம் வந்த நாளில் பாக்கி வசூலாகவும் யந்திரம் தனித் தனியே எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அரிசி மூட்டை கணக்கில் இரண்டு தடவை விற்கும். நோட்டீஸும் இரண்டு பங்கு வரும்! மின்சாரமும் இண்டர்நெட்டும் நின்ற வேளையில் பில் போட முடியாத சாதனத்தைப் பற்றி நாம் பேசவே வேண்டியதில்லை.

‘பத்து ரூபாய்க்கு மிட்டாய் வாங்குகிறவனுக்கெல்லாம் பில் போட்டுக்கொண்டிருந்தால் வியாபாரம் என்ன ஆவது?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிவு செய்யாத வாடிக்கைக்காரர் பில் கேளாத பக்ஷத்தில், ரூ. 200-க்குக் குறைந்த விற்பனைக்குத் தனித் தனிப் பில் வேண்டாம், அன்றன்று மாலையில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பில் எழுதினால் போதும் என்று சட்டமே இடங்கொடுக்கிறது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் காகிதம் அச்சிட வேண்டியதில்லை. கணக்கில் தட்டினால் போதும். காம்போஸிஷன் முறையில் உள்ளவரோ வாடிக்கைக்காரரிடம் வரி வசூலிக்கவே கூடாது. அவர் கொடுக்க வேண்டியது வரிப் பில்லன்று, ‘பில் ஆப் ஸப்ளை’ என்னும் வேறு தினுசு. யந்திரம் இந்த வித்தியாசத்தை அறியாமல் வரியைப் பிரித்து அச்சிட்டால் வம்பு கடைக்காரருக்கு.

எல்லோரும் யந்திரம் வாங்கியே தீர வேண்டும் என்றும் நாம் சொல்ல வரவில்லை. பாலும் கீரையும் விற்கும் பெட்டிக் கடைக்கு ஒரு நோட்டுப் புஸ்தகமும், வீட்டுப் பணம் கலவாத தனி பாங்குக் கணக்கும் போதும். அந்தத் தனிக் கணக்கு ஒன்று இருந்திருந்தாலே பெங்களூரில் பலருடைய துயரம் பாதியாகக் குறைந்திருக்கும். ஆனால் விற்பனை முப்பது லக்ஷத்தை நெருங்கும் கடைக்காரர், வரம்பைத் தாண்டிய பிறகு யோசிக்கலாமென்று இருப்பது ஆபத்து.

இவையெல்லாம் தனி வியாபாரி ஒருவர் கேட்டுச் சாதிக்கக் கூடியவையல்ல என்பதை நாம் உணர்கிறோம். தனியாகக் கேட்பவருக்கு ‘கம்பெனி விதி அப்படி’ என்ற பதிலே கிடைக்கும். ஊர்தோறும் வியாபாரிகள் சங்கம் இருக்கிறது. கடையடைப்புக்கும் மனுவுக்கும் கூடுகிற சங்கம், யந்திரம் வாங்கும் விஷயத்துக்கும் கூடலாம். ஐம்பது கடைகள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் வாங்கினால் விலை குறைவதோடு, கணக்கைக் கேட்ட அன்றே முழுதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்ற ஷரத்தையும் எழுதி வாங்க முடியும். ஆலன் பேட்ஸ் தனியே நின்ற வரையில் அவரை யாரும் லக்ஷியம் செய்யவில்லை. 555 பேராக நின்ற பிறகே கோர்ட்டு கேட்டது. பணப் பட்டுவாடா விவரத்தைக் கொண்டு நோட்டீஸ் அனுப்பும் சர்க்கார்களும், கணக்கு சாப்ட்வேர் விற்போர் யாவரும் கடைக்காரருக்கு அவர் கணக்கைப் பொதுவான ஒரு ரூபத்தில் எப்போதும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்று ஒரு விதி செய்வதில் என்ன தடை இருக்கிறது? கணக்கு கேட்கும் உரிமை சர்க்காருக்கு இருந்தால், கணக்கு காட்டும் வசதியைக் கடைக்காரருக்கு உறுதி செய்யும் பொறுப்பும் அதற்கு உண்டு.

வாங்க நிச்சயித்தவர்கள் பணம் கட்டுமுன் யந்திரத்தைக் கடையிலேயே ஒரு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். பார்ப்பதும் பகல் பன்னிரண்டு மணிக்கன்று. மாலை ஆறிலிருந்து எட்டுக்குள், கூட்டம் நெருக்கும் வேளையில். இயக்கிக் காட்ட வேண்டியவரும் கம்பெனி ஆளன்று. தினந்தோறும் கல்லாவில் உட்காரப் போகிற மனைவியோ, தம்பியோ, சிப்பந்தியோதான். வருஷக் கணக்கு ஏப்ரல் முதல் தேதியில் தொடங்குவதால், பரீக்ஷையை ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டால் இருப்புச் சரக்கை எண்ணி ஏற்ற மார்ச் மாதம் முழுதும் கையில் இருக்கும்.